எத்தனை பக்கம்

ரெய்க்யவிக்கிலிருந்து பாடத்திட்டம் வந்திருக்கிறது.
இருநூற்று முப்பத்தாறு பக்கம்.
பனி மூடி பஸ் நின்றுபோனதால்
மீன் லாரியில் ஏறி வந்தது.
அட்டையில் இன்னும் கவிச்சி.

பதினோரு பிள்ளைகள் எங்கள் பள்ளியில்.
தலைமையாசிரியை நான்.
கணக்கு டீச்சரும் நானே,
புதன்கிழமை நீச்சல் குளத்துக்கு
வேன் ஓட்டுவதும் நானே.
நவம்பரில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
ஜனவரிக் கடைசியில்தான் வரும்.
வருகைப் பதிவேட்டில் அதற்கும் ஒரு வரி போட்டு
தினமும் 'வரவில்லை' என்று எழுதச் சொல்கிறான்
ஓர்வார்.
எழுதுகிறேன். பென்சிலில்.

முதல் பக்கத்திலேயே இருந்தது அந்த வாக்கியம்:
பிள்ளையின் எல்லாப் பக்க வளர்ச்சியே
இக்கல்வியின் நோக்கம்.
வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்
உரக்க வாசித்துவிட்டேன்.
ஆல்ஃப்ரூன் கை தூக்கினாள்.
ஏழு வயது, முன்பல் இரண்டு இல்லை.
"எனக்கு எத்தனை பக்கம்?"

வகுத்தல் கணக்கு அத்தோடு போயிற்று.

முன், பின், இடம், வலம்,
உச்சந்தலை, உள்ளங்கால்.
ஆறு என்றது வகுப்பு, பகடையைப் போல.
நாக்குக்கே இரண்டு பக்கம் உண்டென்று
நீட்டிக் காட்டினான் ஸ்டெய்னார்.
தச்சு வகுப்பில் தான் இழைத்த பெட்டிக்கு
ஐந்துதான், மூடி இன்னும் செய்யவில்லை
என்றாள் ஒருத்தி.
சோல்வி பேசுகிறவனில்லை.
செவ்வாய்க்கிழமை பின்னிய காலுறையை
பையிலிருந்து எடுத்து
உள்வெளியாகப் புரட்டி மேசைமேல் வைத்தான்.
வெளியே வெள்ளை நட்சத்திரங்கள் இருந்த இடத்தில்
உள்ளே ஒன்றையொன்று தாண்டி ஓடும்
நூல்களின் கூட்டம்.
"பின்னல் டீச்சர் இந்தப் பக்கத்துக்குத்தான்
மார்க் போடுவாங்க."

மணி அடித்துவிட்டது.

புதன்கிழமை.
தரையடி வெந்நீர் கொதித்து வந்து
திறந்தவெளிக் குளத்தில் ஆவி விடுகிறது.
மேலே பனி பெய்கிறது, கீழே பிள்ளைகள்.
படிவத்தில் ஒரு வரி:
மல்லாந்து மிதத்தல். ஆம், இல்லை.
சோல்விக்கு மூன்று வாரமாக இல்லை.
குப்புற என்றால் மீன்குஞ்சு அவன்.
மல்லாத்தினால்
பின்னால் என்ன வருகிறதென்று தெரியவில்லை
என்று இரும்பாக விறைத்து முழுகுவான்.

ஆல்ஃப்ரூன் அவன் முதுகுக்குக் கீழே
இரண்டு விரலை வைத்தாள்.
"இந்தப் பக்கம் உனக்குத் தெரியாது.
எனக்குத் தெரியுது.
நான் பாத்துக்கறேன்."

பனித்துகள் அவன் கண்ணில் விழுந்தது.
இமைத்தான். முழுகவில்லை.
விரலை அவள் எப்போது எடுத்தாள்,
எடுத்தாளா,
நான் பார்க்கவில்லை.
ஸ்டெய்னாரின் கண்ணாடியைத்
தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது இரவு பதினொன்று.
படிவங்கள்.
சோல்வி: மல்லாந்து மிதத்தல்,
ஆம் என்று எழுதி, அடித்து,
மறுபடி ஆம்.
ஆல்ஃப்ரூன்: ஆறு சுற்றில் நான்குதான் நீந்தினாள்.
மீதி இரண்டு சுற்று எங்கே போயிற்றென்று
எனக்குத் தெரியும்.
அதை எழுதக் கட்டம் தேடி
இருநூற்று முப்பத்தாறையும் புரட்டுகிறேன்.
நூற்றுப் பன்னிரண்டும் பதின்மூன்றும்
ஒட்டிக்கொண்டிருக்கின்றன,
வியாழக்கிழமைச் சமையல் வகுப்பின் சூப்.
ஒருவேளை அங்கே இருக்கலாம்.
கிழிந்துவிடுமோ என்று பிரிக்காமல் விட்டேன்.

திரும்பும்போது வேனில்,
ஈரத்தலை உறைந்து குச்சி குச்சியாக நிற்க,
பின்சீட்டிலிருந்து அவள் கேட்டாள்:
"ரெய்க்யவிக்குக்கு போன் பண்ணிக் கேட்டீங்களா,
எத்தனைன்னு?"
நாளைக்கு என்றேன்.

ஒன்பது மணிக்கு மேல்தான் எடுப்பார்கள்.
யாரைக் கேட்பது,
எந்தப் பிரிவு என்று சொல்வது,
அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.