பதினெட்டாம் நாள்

குன்னூரில் மழை விட்டபாடில்லை.
அவலாஞ்சி ட்ரவுட், இரண்டு தட்டு.
ஒன்றுக்கு வெறும் பிலிம்,
ஒன்றுக்குத் தேயிலைச் சாறு கலந்தது.
கழிவுத்தூள்தான், பாக்டரியில் சும்மா கொடுத்தார்கள்.

மின்முனையைக் கழுவி, ஒற்றி, அழுத்துகிறேன்.
ஒன்பதாம் நாளே
வெறும் பிலிமின் பி.எச். ஏழைத் தாண்டிற்று.
தேயிலை ஆறு புள்ளி ஆறில்
அடம்பிடித்து நின்றது.
"உன் பிள்ளை பாஸ்" என்றார் பெள்ளிராஜ்.

மீன்மேல் விழவேண்டியதைத்
தன்மேல் வாங்கி வாங்கி
பிலிம் பழுப்பேறியது.
பதினைந்தில் ஆறு ஒன்பது.
இன்று ஏழு இரண்டு.

குறிப்பு: ஆறு நாள் தள்ளிப்போட்டது.
"ஆறு நாள்னா மெட்ராஸ் தாண்டிப் போயிருமே"
மூக்கைப் பொத்திக்கொண்டு
தட்டுகளைக் கொட்டப் போனார்.

பிலிமை மட்டும் அலசி
ஜன்னலில் ஒட்டினேன்.
அதற்குள் பனிமூட்டம்
ஆறிய டீ நிறத்தில்
மெதுவாக நகர்ந்தது.