தொழில்: கொத்தனார்

விசாவில் என் தொழில் கொத்தனார்.
அந்த மாதம் கம்பெனிக்கு மிச்சமிருந்தது
அந்த ஓர் இடம்தான் என்றார் பி.ஆர்.ஓ.
மூன்று வருடமாகச் சாந்துக் கரண்டியைத் தொட்டதில்லை.
ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா ஆறு.
லாரி உதிரிபாகக் கடையின் மாடியில்
டீ போடும் அறைக்கும் கழிவறைக்கும் நடுவே
ஒரு பழைய பென்டியம், நான்,
பதினெட்டில் வைத்த ஏசி.

வியாழன் இரவு. நாளை கடை இல்லை.
சனிக்கிழமை அஜ்மான் கிளையில்
கைருல் அமீன் திரையைத் திறந்தால்
கிளட்ச் பிளேட் இங்கே எத்தனை என்று தெரிய வேண்டும்.
கட்டித் தந்த பொட்டலம் எதுவும்
இந்த மெஷினுக்கு ஒத்துவரவில்லை.
இணைய கார்டு இரண்டு தீர்ந்து இறங்கிய
அப்பாச்சியை அவிழ்த்தேன். கட்டினேன், அது மரியாதையாக எழுந்தது.
பிறகு பிஎச்பியை அவிழ்த்தேன்.

கான்ஃபிகர் கேள்வி கேட்க ஆரம்பித்தது.
கம்பைலர் இருக்கிறதா? இருக்கிறது.
இருப்பது வேலை செய்கிறதா? செய்கிறது.
இந்த எந்திரம் எண்ணை எந்தப் பக்கமிருந்து வைக்கும்?
மெடிக்கல் வரிசையில்
சட்டைக் கையை மடித்து நின்ற காலை அது.
ஒருவர் கேட்பார், இன்னொருவர் டிக் அடிப்பார்,
எதற்கென்று சொல்லமாட்டார்கள்.
நூற்றுப் பதினேழாவது கேள்வியில் நின்றது:
ஃப்ளெக்ஸ் இல்லை.
இல்லையென்றால் இல்லைதான், கெஞ்ச முடியாது.
அது மூன்றாவது சிடியில் இருந்தது.
மூன்றாவது சிடி
ஷஃபியுல்லாவின் பிக்கப்பில், பாட்டு சிடிகளுக்கு நடுவே,
ஏற்கெனவே ஒருமுறை பிளேயரில் போட்டுத் திட்டு வாங்கியிருந்தது.

மேக் என்று தட்டினேன்.
கட்டு என்று அர்த்தம்.
வரிமேல் வரி ஏறியது, பூச்சுக்கு நிற்காத சுவர்.
நடுநடுவே எச்சரிக்கைகள்.
எந்த மேஸ்திரி அதற்கெல்லாம் சாரத்தைவிட்டு இறங்குவார்?
நாற்பது நிமிடம்.
கீழே தண்ணீர் டேங்கர் ரிவர்ஸில் கத்திக்கொண்டே போனது.
சுலைமானி கொண்டுவந்த மொஷாரஃப் பாய்
கட்டியாச்சா என்று இந்தியில் கேட்டார்.
அப்போதுதான் உறைத்தது:
இந்த இரவில் மட்டும்
பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் காகிதம் பொய் சொல்லவில்லை.

பிரவுசரில் முகவரி தட்டினேன்.
கணக்கு வரவில்லை,
கணக்குப் போடும் வழி வந்தது.
எழுதியது எழுதியபடி,
அடைப்புக்குறி, டாலர், அரைப்புள்ளி,
டேட்டாபேஸின் பாஸ்வேர்டு, அது என் மகள் பிறந்த தேதி,
எல்லாம் திறந்துபோட்ட பீரோவாக.
மானிட்டரை இரண்டு கையாலும் மறைத்தேன்.
அறையில் யாருமில்லை.

ஒரு வரி விட்டுப்போயிருந்தது.
இந்த வால் வைத்த கோப்பு வந்தால்
வாசித்துக் காட்டாதே, செய்து காட்டு
என்று அதனிடம் சொல்ல வேண்டும்.
சொன்னேன்.

சேமிக்கப் போகையில்
கொஞ்சம் மேலே இன்னொரு வரி கண்ணில் பட்டது.
யூசர்: நோபடி.
ரூட்டாக எழுந்து எண்பதாம் வாசலைத் திறந்துவிட்டு
வேலையை ஐந்து பிள்ளைகளிடம் விட்டுவிடும்.
ஐந்துக்கும் ஒரே பெயர்.
வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பது அவர்கள்தான்.
எந்த அலமாரியையும் திறக்க உரிமை கிடையாது.
அதுதான் பாதுகாப்பு என்கிறது குறிப்பு.
மாற்றலாம்.
என் பெயரைக்கூட வைக்கலாம்.
கர்சர் அங்கே சற்று நேரம் துடித்தது.
பிறகு சேமித்து, மூடி, மறுபடி எழுப்பினேன்.

சனிக்கிழமை ஏழரைக்கு அஜ்மானிலிருந்து போன்.
‘கேன்டர் கிளட்ச் பிளேட் பதினாலு காட்டுது பாய், அனுப்புங்க.’
ஷஃபியுல்லா ரேக்கில் ஏறி எண்ணினார். பதிமூன்று.
உன் கட்டடம் ஆடுதே என்றார்.
ஒவ்வொரு வரியாக இறங்கிப் பார்த்தேன்.
வரிகளில் விரிசல் இல்லை.

மதியம் தெரிந்தது.
பதினாலாவது, முதலாளியின் மச்சான் வண்டியில்,
பில் போடாமல்.

அதை எந்தக் கோப்பில் எழுத?