கரண்ட் பிடிக்காத நாள்

மஸ்கெலியாவில் மழை கதவைத் தட்டாது,
கூரை வழியாக உள்ளே வந்துவிடும்.
வாளியை அதன் இடத்தில் வைத்துவிட்டு
அடுத்த துண்டைக் கூப்பிட்டேன்.

சிவனம்மா. ஐம்பத்திரண்டு.
கொழுந்து. வலது தோள்.
நாலாம் தடவை.

மேல்மலையிலிருந்து இறங்கி
பஸ்ஸில் நின்றபடியே வந்து
அரைப்பேரும் விழாத ஒரு நாளை
முழுசாக என்னிடம் கொண்டுவந்திருக்கிறாள்.
பையில் நாலு மரத்தக்காளி.

"தொடலாமா?"
ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.
ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள்:
"கேட்டுட்டா மிஸ் தொடுவாங்க?
கூடைக்கயிறு என் நெத்தியக் கேட்டுச்சா?"

கையைத் தூக்கச் சொன்னேன்; காதைத் தொட்டது.
முதுகுக்குப் பின்னால் என்றேன்; போனது.
தோள் சொன்னதைக் கேட்கிறது.
வலி யாரையும் கேட்கவில்லை.
"ராவுல?"
"எங்க மிஸ் படுக்குறது. குந்திக்கிட்டே விடியுது."

ஒரு காகிதத்தைக் கொடுத்து
இரண்டு விரலால் இறுக்கிப் பிடி என்றேன்.
இழுத்ததும் வந்துவிட்டது.
முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
சதை குழிந்து கிடந்தது.
வலது இமை
இடதைவிட ஒரு நூல் தாழ்ந்திருந்தது.

ஒரு பெயர் என் வாய்வரை வந்தது.
படித்திருக்கிறேன் அதை, பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.
படம் எடுக்காமல், டொக்டர் பார்க்காமல்
இந்த மேசையிலிருந்து அதைச் சொல்லக் கூடாது.
எச்சிலோடு விழுங்கினேன்.

"இன்னைக்கு கரண்ட் பிடிக்கலையா மிஸ்?"
மெஷின் பக்கத்திலேதான். பச்சை விளக்கு எரிகிறது.
பத்து நிமிடம் வைத்திருந்தால்
அவளுக்கும் திருப்தி, எனக்கும்.
"வேணாம்."
"அமுக்கியாவது விடுங்க."
"அதுவும் வேணாம்மா. இது தோள் நோவு மாதிரி தெரியல.
என்னன்னு சொல்ல வேண்டியது டொக்டர்."
என் கைகள் மேசைமேல் சும்மா கிடந்தன
இரவல் வாங்கிய கரண்டி போல.

போன தடவையே இமையைப் பார்த்திருக்கலாம்.
அன்று முப்பத்தெட்டுத் துண்டு.
அன்றைய வரியில் என் கையெழுத்து சொல்கிறது:
முன்னேற்றம் உண்டு.
பேனா அதன்மேல் ஒரு நொடி நின்றது.
அடிக்கவில்லை.
அதற்குக் கீழே, இன்றைய திகதியில்
கண்டதை எழுதினேன்,
சிகிச்சை நிறுத்தம் என்றும்.

கதவில் தோட்டத்துக் கண்டக்டர், குடை சொட்டச் சொட்ட.
"நெசமா நோவுதா, நடிப்பா?
துரைக்கு ஒரு வரி போட்டுக் குடுங்க மிஸ்."
"அவங்களப் பத்தி உங்ககிட்ட பேச மாட்டேன் ஐயா.
வெளிய நில்லுங்க."
கதவைச் சாத்தினேன்.
திரும்பினால் சிவனம்மா:
"அப்ப ஒரு மாசம் லீவுன்னு நீங்களே எழுதிடுங்களேன்."
அவர் கேட்டதைவிட
இதை மறுப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

கடிதம் ஆங்கிலத்தில்.
அவளுக்குத் தமிழில் வரி வரியாகப் படித்துக்காட்டி
அனுப்பவா என்று கேட்டேன்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள்
ஒரு சொல்லில் நின்றாள்.
"அவசரம்னா?
நாளைக்கும் பேர் போயிருமா?"

போகும் என்றேன்.

மரத்தக்காளியைத் திருப்பிக் கொடுத்தேன்; வாங்கவில்லை.
பையை அவள் தோளில் மாட்டினேன், இடது தோளில்.
ஓபிடி வரிசைவரை கூடவே நடந்தேன்.
விஜேநாயக்க டொக்டரின் கதவு முன்
கேட்காமலே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்
வலக்கையால்.

அந்தப் பிடியில் எவ்வளவு பலம் மிச்சமென்று
அப்போதும்
அளந்துகொண்டுதான் இருந்தேன்.