எட்டாம் தீவு

கொக்குவில் சந்தியில், மருந்துக்கடைக்கு மேலே,
ஓர் அலுமாரிக்குள் கடல் வைத்திருந்தோம்.
சூடு. கதவு திறந்தே கிடக்கவேணும்.
மேசை விசிறி ஒன்று இரவு பகலாக
அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கும்.

ஆயிரத்து நானூறு பேர், ஒருகாலம்.
ஒஸ்லோவில் பஸ் கழுவிவிட்டு வருகிறவர்,
ஸ்காபரோவில் பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு வருகிறவள்,
குருநகரில் சொந்த வள்ளம் கட்டி நிற்க
எங்கள் வள்ளத்தில் ஏறுகிற கிளமென்ற்.
'இதுக்கு மண்ணெண்ணெய் வேண்டாமண்ணை' என்பான்.

நான் காவலாள். சம்பளமில்லை.
பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைச் சங்கு.
பகலில் ஸ்ரான்லி வீதியில் போன் திருத்துகிறேன்.

ரமணீதரன் கெட்டவனில்லை.
இதைச் சொல்லாமல் மேலே எழுத ஏலாது.
மோட்டார்சைக்கிளை விற்று அலுமாரியை நிரப்பினவன்.
தீவின் முதல் கிணற்றைக் கட்டம் கட்டமாய்
நாலு இரவு இருந்து கீறினவன்.

பிறகு மச்சானுக்கு ஒரு கப்பல் கொடுத்தான்.
மற்றவர்கள் எட்டு மாதமாய் மரம் சேர்த்த துறையில்
ஒரு புதன் காலை அது இரும்பாய் நின்றது.
'எப்படி?' என்று வேணுகா கேட்டாள்.
அழி என்றான். அழித்தேன்.
திருப்பிக் கேட்டாள்.
அவளையே அழி என்றான்.
காரணம் என்ற கட்டத்தில்
'ஒழுங்கு' என்று எழுதினேன்.
அதற்குமேல் கை ஓடவில்லை.

பிறகு
கிணற்றுத் தண்ணிக்குக் காசு.
வாளி ஒன்றுக்கு நாப்பது ரூபா, அட்டையில் கட்டலாம்.
கிளமென்ற் எழுதினான்:
'கிணத்தை மறிச்ச ஊர்தானே அண்ணை,
பழக்கம் விடுமே?'
அதையும் அழித்தேன்.
அழிக்க முதல் மூன்று தரம் வாசித்தேன்.

ஐப்பசியில் ஒரு திருத்தம் போட்டு
எல்லாருடைய மீனும் போனது.
அறிவித்தலில் நான் 'மன்னிக்கவும்' என்று வைத்திருந்தேன்.
'இளக்காரமாப் போயிடும்' என்று
அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டான்.

ஏசினார்கள். நீளநீளமாய் ஏசினார்கள்.
அதுவரைக்கும் பயமில்லை.
மார்கழியில் ஏச்சு நின்றது.

மாசி, ஒரு சனி இரவு,
அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் ஒன்றாய் வந்தார்கள்.
'பாத்தியே, திரும்பி வருகினம்' என்று
ரமணீதரன் கொத்துரொட்டி எடுப்பித்தான்.
ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.
வடக்குக் கரையில் வள்ளத்தைக் கட்டினார்கள்,
ஒவ்வொருவராய் இறங்கிப் போனார்கள்.
விடிய நாலரைக்கு விசிறிச் சத்தம்.

மேலிருந்து பார்க்கிற படம்
எங்கள் இரண்டு பேருக்கும்தான் திறக்கும்.
திறந்தேன்.
வள்ளங்கள் கூடி ஒரு சொல்லாய் நின்றன:
போறம்.
கடைசி எழுத்தின் புள்ளி
மச்சானின் இரும்புக் கப்பல்.

ரமணீதரனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
அவன் பெருப்பித்து, பெருப்பித்து,
ஒரு வள்ளத்தின் பலகை மட்டும் தெரியுமட்டும்
கிட்டக் கொண்டுபோனான்.
'சும்மா நிக்கிறதுகளைத் துடை,' என்றான், 'பாரம்.'

கொத்துரொட்டி ஆறிப்போயிருந்தது.
என் பெயருக்குப் பக்கத்தில்
அந்தச் சங்கு, பச்சையாய்.
அதை எப்படிக் கழற்றுவதென்று
ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.