பதினேழாவது ஃபிரேம்

"எடை இல்லை" என்று மட்டும்
எழுதியிருந்தார்கள் என் அசைன்மென்டில்.
இருபது லிட்டர் தண்ணீர் கேனோடு
படியேறும் ஒருவன். இருபத்துநான்கு ஃபிரேம்.
பலூனைத் தூக்கியவன் போல ஏறினான்.

மூன்றாம் செமஸ்டர் ஃபீஸ் பாக்கி.
அத்தா அதைப் பற்றிப் பேசுவதில்லை,
நானும் ரெண்டரைப் பற்றிப் பேசுவதில்லை.

ஷார்ஜாவில் ஆகஸ்ட்.
எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்று நாலு நாள்.
கேனை இறக்கிவைத்து
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான் ஜான்ஷேர்.
ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்
அரைகுறை ஹிந்தியில்.
சிரித்தான். கொடுத்தான்.

முதல் மாடியில் தோள்.
இரண்டாவதில் இடுப்பு
தானாக ஒரு பக்கம் தள்ளிக்கொண்டது.
மூன்றாவதில்
பாதம் படியைத் தொடும் முன்பே
முட்டி பயந்தது.
நாலாவதில் எனக்கு முகமே இல்லை,
வாய் மட்டும்.

இரவு, ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
பதினேழாவது ஃபிரேமில் முட்டியை
இரண்டு ஃபிரேம் தயங்கவிட்டேன்.
விரல் நடுங்கி மவுஸ் நழுவியது.
அந்த நடுக்கத்தையும் அழிக்கவில்லை.

இப்போது ஏறுகிறான்.
ரெண்டர் முடிய ஆறு மணி நேரம் என்கிறது திரை.
ஐந்தாம் மாடிக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை என்று
படிக்கட்டில் யாரோ கத்துகிறார்கள்.