599.5

கொழும்பிலிருந்து வந்த பெட்டி நனைந்திருந்தது.
ஹபரணையில் மழையாம், தார்ப்பாயில் ஓட்டையாம்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு சாரதி போய்விட்டார்.
பதினேழு புத்தகம். எல்லாம் புதிய அறிவியல்.
மேலே இருந்ததால் பிரபஞ்சம் முழுக்க ஈரம்.
மூளை தப்பித்தது.

காலம் என்றால் என்ன என்று கேட்கும் நூலைக்
கதிரை முதுகில் விரித்துப் போட்டேன்,
கருந்துளையை மின்விசிறிக்குக் கீழே.
பூஞ்சைகளைப் பற்றிய நூலுக்குத்தான் பயந்தேன்:
இன்னும் இரண்டு நாள் விட்டால்
அது தன்னைத் தானே எழுதத் தொடங்கிவிடும்.

பின்னட்டைகளில் ஆசிரியர்கள்.
ஒருவர் மலைக்கு முன்னால், ஒருவர் பனிக்குள்,
ஒரு பெண்மணி நாயோடு.
ஒருவருக்கும் வேர்க்கவில்லை.
முத்திரையை ஊதி ஊதி
அவர்கள் தாடையில் படாமல் குத்தினேன்:
பொது நூலகம், திருகோணமலை.

சிந்திப்பது அவர்கள் வேலை.
என் வேலை இலக்கம் போடுவது.
வானத்துக்கு 523. மூளைக்கு 612.8.
திமிங்கிலத்துக்கு 599.5.
புள்ளிக்குப் பின்னால் ஓர் ஐந்து.
முப்பது மீற்றர் உடம்புக்கு
இங்கே அவ்வளவுதான் இடம்.

வாசலில் ஒட்டிய 'புதிய வரவுகள்' பட்டியலில்
பாதியை விடிவதற்குள் மான் தின்றுவிட்டது.
(இந்த ஊரில் மானை யாரும் விரட்டுவதில்லை,
விரட்டினாலும் அது போவதில்லை.)
பரிணாமம் போயிற்று.
புள்ளியியல் மிச்சம்.

இதெல்லாம் மாசியில்.
ஆவணியில் 599.5 திரும்பி வந்தபோது
நூற்றுப் பன்னிரண்டாம் பக்க ஓரத்தில்
பென்சில்.

அச்சில்: நீலத்திமிங்கிலங்கள் கோடையில் துருவக் கடலுக்குச் செல்கின்றன.
பென்சிலில்: இஞ்ச நிக்கிறது போறதில்லை. ஆடியிலும் கண்டனான்.
அதற்குக் கீழே, இன்னும் சிறிதாய்:
பங்குனி 14. புறாமலைக்கு வடகிழக்கே. தாயும் குட்டியும்.

விதி ஒன்பது:
நூலில் எழுதுபவர் முழு விலையும் கட்ட வேண்டும்.
விலை ஆயிரத்து எண்ணூற்றைம்பது.

அட்டையில் மூன்றே பெயர்கள்.
தர்மகுலசிங்கம் என்றால் சிவப்புப் பேனையில்
எழுத்துப்பிழை திருத்தியிருப்பார்.
வளாகத்து ரிஸ்வானா எழுதியிருந்தால்
கீழே ஆதாரமும் எழுதியிருப்பாள்.
மூன்றாவது விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன்.
அன்ரன் நேசன், திருக்கடலூர்.
தொழில்: எஞ்சின் திருத்துதல்.
'திருத்துதல்' என்ற சொல்லின் றகரமற்ற சாய்வு,
அதே சாய்வு.

சனிக்கிழமை வந்தார், டீசல் மணத்தோடு.
பக்கத்தை விரித்து முன்னால் வைத்தேன்.
மறுக்கவில்லை. சட்டைப்பையைத் தடவினார், காசு எண்ணினார்,
எண்ணிக்கொண்டே கேட்டார்:
"இத எழுதினவர் இஞ்சால வந்தவரோ?"
தெரியாது என்றேன்.
"வந்திருந்தா வள்ளத்தில ஏத்தியிருக்கலாம்."

லாச்சியிலிருந்து அழிறப்பரை எடுத்துக் கொடுத்தேன்.
அழித்துவிட்டால் நான் பார்க்கவில்லை என்று ஆகிவிடும்,
அதுதான் என் எண்ணம்.
அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.
குனிந்தார். மிகக் கவனமாக, பெருவிரல் நகமளவு இடத்தை மட்டும்
அழித்தார். ஊதினார்.
என் பென்சிலை எடுத்து எழுதினார்:
16.
"பதினாலு எஞ்சின் கழட்டின நாள். நான் கடலுக்குப் போகேல்லை."

அபராதப் பதிவேடு மேசையில் திறந்தே கிடந்தது.
காசை அவர் தள்ளினார். நான் தள்ளினேன்.
கடைசியில் ஐம்பது ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு எழுதினேன்,
காரணம்: தாமதம்.

பின்னட்டைக்காரர் பனிக்குள் நின்று சிரிக்கிறார்.
யாராவது அவருக்கு எழுத வேண்டும்.
பக்க எண், திகதி, தாய், குட்டி.
வெளிநாட்டுத் தபால்
எந்தச் செலவுத் தலைப்பில் வரும் என்று
கணக்காளரிடம் கேட்டுவைத்திருக்கிறேன்.
இன்னும் பதில் இல்லை.