எழுத்தெண்ணி

ஒன்பதாயிரம் டாலர்.
மேசை நடுவே அது கட்டுக்கட்டாய்க் கிடப்பதுபோல்
எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
மில்டூரா. ஜனவரி கடைசி. வெளியே நாற்பத்துமூன்று டிகிரி.
பிள்ளைகள் வர இன்னும் இரண்டு நாள்.
ஆசிரியர் அறையின் ஏ.சி. இருமிக்கொண்டிருந்தது.

வாசிக்கக் கற்றுக்கொடுக்க
எங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்போவது யார்?
மூன்று உறைகள்.

முதலாவதில் துணிப்பை, பேனா,
சட்டம் போட்டு மாட்டத்தக்க சான்றிதழின் மாதிரி.
'ஆய்வுகள் நிரூபிக்கின்றன' என்று
பக்கத்துக்கு இரண்டு தடவை.
எந்த ஆய்வு, எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள்
என்று நான் விரல் வைத்துத் தேடினேன்.
வழவழப்பான தாள். விரல்தான் வழுக்கியது.

இரண்டாவது மலிவு. நாற்பது மணிநேரக் காணொளி.
இரட்டை வேகத்தில் ஓடவிட்டால் இருபது, என்றான் ஜோயல்.
சிரித்தோம். சிரித்ததிலேயே அது தீர்ந்துபோனது.

மூன்றாவது பெண்டிகோவிலிருந்து,
கோணலாகப் பின் அடித்த எட்டுத் தாள்.
ஆறு பள்ளிகளில் செய்து பார்த்தாளாம் ஃபெலிசிட்டி க்ரோ.
நான்கில் பிள்ளைகள் ஏறினார்கள். இரண்டில் இல்லை.
அந்த இரண்டைப் பற்றித்தான் மூன்று பக்கம்.
முடிவில் எங்களுக்கு ஒரு கேள்வி:
'நான் போன பிறகு, ஜூலைக் குளிரில்,
யார் யாருடைய வகுப்பில் போய் உட்காருவீர்கள்?'

ரொசானா பேனாவை மூடினாள்.
'இருபத்தாறு வருஷம். அத்தனையும் தப்பா?'
தலைமையாசிரியை ஹெதர்
கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள்.

நான் பேசியிருக்கலாம்.
லூப்பேயைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.
ஏழு வயதில் என் வகுப்பில் இருந்தாள்.
பக்கத்தில் குதிரைப் படம், கீழே அச்சில் 'போனி'.
'ஹோர்ஸ்' என்றாள் கணீரென்று.
பொருள் சரிதானே, கெட்டிக்காரி, என்று
நெற்றிக்கு நேரே ஒரு நட்சத்திரம் ஒட்டினேன்.
ஒருநாள் என் கை தற்செயலாய்ப் படத்தை மறைத்தது.
அவள் என் கையையே பார்த்தாள்,
கை நகரும் என்று.
நகர்த்தினேன்.

எழுத்தெண்ணிப் படித்தவர் என்பது
என் மொழியில் பெரிய பாராட்டு.
அந்த மொழியில் வளர்ந்த நான்தான்
ஒரு பிள்ளைக்குப் படம் பார்த்துக் குறி சொல்லப் பழக்கினேன்.
எனக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள்.
இதை நான் அடிக்கடி எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் சூப்பர் மார்க்கெட்டில் அவள்.
பதினான்கு வயது, என்னைவிட உயரம்,
திராட்சைத் தோட்டத்து வெயில் முகத்தில்.
இடுப்பில் தம்பி, கையில் பிஸ்கட் பாக்கெட்.
'மிஸ், இவனுக்கு வேர்க்கடலை ஆகாது.
இதில் கடலைப் படம் இல்லை,
அப்ப இருக்காதுதானே?'

வாங்கிப் படித்தேன்.
பின்பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், இருந்தது.

இதில் எதையும் நான் அறையில் சொல்லவில்லை.
'மூன்றாவது' என்று மட்டும் சொல்லிக் கை தூக்கினேன்.
ஜோயல் தூக்கினான். ஹெதர் ஈரக் கையைத் தூக்கினாள்.
ரொசானா தூக்கவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்:
தேர்வுக்கான காரணம், நூறு சொற்களுக்குள்.
ஒரு பெயரை எழுதினேன். அழித்தேன்.
ஆறு பள்ளி, நான்கு, இரண்டு என்று எண்களை நிரப்பினேன்.

சாயங்காலம் கார் சாவியைத் தேடி நடந்தபோது
ரொசானாவின் வகுப்பில் விளக்கு எரிந்தது.
நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள்.
'தெரியாத சொல்லா? படத்தைப் பார்!'
ஆந்தை போட்ட அந்தப் பெரிய அட்டையை
நான்கு மூலையிலும் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள்.
சுவரில் அது இருந்த இடம் மட்டும்
பழைய மஞ்சளாய், வெயில் படாமல்.

'ஏணியைப் பிடி' என்றாள், திரும்பாமலே.
ஏணி இல்லை, நாற்காலிதான்.
பிடித்துக்கொண்டேன்.